1791 பெங்களூர் கோட்டை முற்றுகைக்கு இங்கிலீஷ் நாட்டுப்பாட்டு தேடினப்போ கைகொடுத்த லைப்ரரி: ஒரு ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வரேன். பழைய இங்கிலீஷ் நாட்டுப்பாட்டு வேணும், அதுவும் சும்மா "பழசு மாதிரி" கேக்குறது இல்ல, இந்த வருஷத்துல இந்த ஆளுங்க நெஜமாவே பாடியிருப்பாங்கன்னு தைரியமா சொல்ற மாதிரி வேணும்னா, லண்டன்ல செசில் ஷார்ப் ஹவுஸ்ல இருக்கற வான் வில்லியம்ஸ் மெமோரியல் லைப்ரரியோட வெப்சைட்டுக்கு போங்க. காசு கெடையாது, தேடுறதுக்கு லாகின் கெடையாது, பெங்களூர்ல வீட்டு மொட்டை மாடியில உக்காந்து போன்லயே பாக்கலாம். என் ரேட்டிங் 5க்கு 4.5. அந்த அரை மார்க் ஏன் கொறைச்சேன்னு கீழ சொல்றேன்.

எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னா, அல்சூர் பக்கம் இருக்கற தமிழ் ஆளுங்க ஒரு சின்ன குழுவா சேந்து 1791 முற்றுகைய ரீஎனாக்ட்மென்ட்டா, அதாவது அந்தக் கால வேஷத்துலயே நடிச்சுக் காட்டற நாடகமா பண்றோம். மூணாவது மைசூர் போர், திப்பு சுல்தானுக்கு எதிரா வந்த கார்ன்வாலிஸோட ஆங்கிலேயப் படை மார்ச் 7ம் தேதி கோட்டைக்கு வெளிய இருந்த பேட்டையப் புடிச்சு, 21ம் தேதி ராத்திரி கோட்டைக்குள்ள பூந்தது, கோட்டைத் தளபதி (கில்லேதார்) பகதூர் கான் சண்டை போட்டே செத்தாரு. கே.ஆர். மார்க்கெட் பக்கத்துல இன்னைக்கும் நிக்கற டெல்லி கேட்டத் தாண்டி தினமும் பஸ்ல போறவங்கள்ல நெறைய பேருக்கு இது தெரியாது. நம்மாளுங்களுக்கு இதுல இன்னொரு ஒட்டுதலும் இருக்கு, அந்தப் படையில பள்ளம் தோண்டற வேலைக்கு மெட்ராஸ் பயோனியர்ஸ் இருந்தாங்க, 1780ல ஆரம்பிச்ச அந்தப் படை தான் இப்ப அல்சூர் ஏரிக்கரையில இருக்கற மெட்ராஸ் சேப்பர்ஸ், ஊரே "தம்பி"ன்னு கூப்புடுற படை. எங்க டைரக்டர் சாரே ரிட்டயர்டு சேப்பர் தான்.

டிரஸ், துப்பாக்கி, பட்டன் வரைக்கும் பாத்துப் பாத்து பண்ணிட்டு பாட்டுல கோட்டை விட்டா எல்லாம் போச்சு. வேஷம் கொஞ்சம் தப்பா இருந்தா தூரத்துல இருந்து யாருக்கும் தெரியாது, ஆனா முகாம்ல உக்காந்து சோல்ஜர் ஒருத்தன் வாயத் தொறந்து 1960கள்ல ஹிட்டான ஒரு மெட்டப் பாடினான்னா அடுத்த நிமிஷமே அந்த எடம் 1791 இல்ல. இத நான் ரொம்ப நம்பறேன், அதனால தான் இந்த ரிவ்யூ இவ்ளோ நீளம்.

மொதல்ல எங்க குழுவுல காசு குடுத்து ஒரு டவுன்லோட் பேக் வாங்கினாங்க, பேரு வேண்டாம், "18ம் நூற்றாண்டு ராணுவ முகாம் பாட்டுகள்"னு போட்டு வித்தாங்க. அதுல டேனி பாய் இருந்துச்சு. அந்த வார்த்தை எழுதினது ஃப்ரெட் வெதர்லி, அச்சுல வந்தது 1913ல, அவர் சேத்துகிட்ட மெட்டு அச்சுல வந்ததே 1855ல. ட்ரங்கன் செய்லர் இருந்துச்சு, அது கப்பல்ல கயிறு இழுக்கறதுக்கு பாடற வேலைப்பாட்டு, அதப் பத்தி கெடைக்கற மொதல் பதிவு 1839 வாக்குல ஒரு திமிங்கல வேட்டைக் கப்பல்ல. நம்மாளுங்க "பழைய இங்கிலீஷ் பாட்டு"ன்னாலே மனசுக்குள்ள ஓடறது இந்த மாதிரி மாலுமிப் பாட்டு தான், அதுல முக்கால்வாசி 19ம் நூற்றாண்டு வியாபாரக் கப்பலுங்களோட சரக்கு, 1791ல பெங்களூர் வெயில்ல கெடந்த காலாட்படைக்கு அதுல என்ன வேலை. பேக்ல ஒரு பாட்டுக்கும் வருஷம் போடல, எங்க இருந்து எடுத்தாங்கன்னும் போடல. இந்த ஊர்ல மட்டும் இல்ல, எங்கயுமே ஆதாரம் போடாம "பீரியட் மியூசிக்"னு விக்கற எதையும் வாங்காதீங்க.

இப்ப லைப்ரரிக்கு வருவோம். இதோட உயிர்நாடி ரவுட் இன்டெக்ஸ். ஸ்டீவ் ரவுட்னு ஒருத்தர், லைப்ரேரியனா வேலை பாத்தவர், 1970 வாக்குல சொந்தமா ஆரம்பிச்சது, இன்னைக்கு சுமார் 25,000 பாட்டு, அதுங்களுக்கு ரெண்டரை லட்சத்துக்கு கிட்ட குறிப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நம்பர். ஒரே பாட்டு ஊருக்கு ஒரு பேர்ல, ஆளுக்கு ஒரு ஆரம்ப வரியில இருக்கும்ல, அந்த எல்லா வடிவத்தையும் ஒரே நம்பருக்கு கீழ கட்டி வெச்சிருக்காரு. எளிமையான யோசனை தான், ஆனா இது இல்லன்னா தேடறவன் கதி அதோகதி. பார்பரா ஆலன்னு தேடினீங்கன்னா ரவுட் 54, அந்த நம்பர அழுத்தினா யார் பாடினாங்க, யார் எழுதி எடுத்தாங்க, எந்த ஊரு, எந்த வருஷம், எந்தத் தாள்ல அச்சாச்சுன்னு வரிசையா கொட்டும், ஸ்க்ரோல் பண்ணி முடியாது.

அப்புறம் 2013ல "தி ஃபுல் இங்கிலீஷ்"னு ஒரு வேலை பண்ணி பழைய கையெழுத்துப் பிரதிகள எல்லாம் ஸ்கேன் போட்டு வெச்சிருக்காங்க. செசில் ஷார்ப், வான் வில்லியம்ஸ், லூசி பிராட்வுட், பேரிங் கூல்ட், பட்டர்வொர்த்னு நாட்டுப்பாட்டு சேத்த பெரிய ஆளுங்களோட நோட்டுப் புத்தகமே கண்ணு முன்னாடி வரும். 1903ல ஷார்ப் சாமர்செட்ல ஒரு தோட்டக்காரர் பாடறதக் கேட்டு எழுதினது தான் அவரோட மொதல் நாட்டுப்பாட்டு, அப்புறம் ஆயுசுல கிட்டத்தட்ட 5,000 மெட்டு சேத்தாரு. பேனாவால அவசரமா போட்ட சுரக்குறி, ஓரத்துல பாடினவர் பேரு, ஊரு, தேதி, சில எடத்துல அடிச்சுட்டு மாத்தி எழுதினது. நம்ம ஊர்ல கதைப்பாடல் சேத்தவங்க நோட்டெல்லாம் இந்த மாதிரி ஒக்காந்த எடத்துல பாக்கக் கெடைச்சா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு ஏக்கமே வந்துருச்சு.

ஆனா இங்க தான் புதுசா வர்றவங்க கவனமா இருக்கணும். அந்த நோட்டுங்கள்ல பெரும்பாலானது 1900ல இருந்து முதல் உலகப்போர் வரைக்கும் கிராமத்துக் கிழவன் கிழவிங்க கிட்ட கேட்டு எழுதினது. "1905ல ஒரு 70 வயசுப் பாட்டி பாடினாங்க, அப்ப பாட்டு ரொம்பப் பழசு"ன்னு முடிவு பண்ணக்கூடாது. 1905க்கும் 1791க்கும் நடுவுல 114 வருஷம் இருக்கு, அந்தப் பாட்டி பொறந்ததே 1835 வாக்குல. அதனால பட்டியல்ல கீழ வரைக்கும் போயி 1791க்கு முன்னாடி ஒரு அச்சு ஆதாரமோ கையெழுத்து ஆதாரமோ இருக்கான்னு பாக்கணும். பார்பரா ஆலன்ல இது ஜம்முனு நிக்கும், சாமுவேல் பெப்பிஸ் டைரியில 1666 ஜனவரி 2ம் தேதியே அந்தப் பாட்டக் கேட்டேன்னு எழுதி வெச்சிருக்காரு. அதனால முகாம் சீன்ல சிப்பாயோட பொண்டாட்டியா வர்ற பொண்ணு அதப் பாடறா, யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது.

எங்க குழுவுல நாங்க கடைப்பிடிச்ச ஒரு விஷயத்த இங்க அழுத்தமா சொல்லணும். ஒரு பாட்டுக்கு ஒரு வயசு கெடையாது. வார்த்தைக்கு ஒரு வயசு, மெட்டுக்கு ஒரு வயசு, ரெண்டும் ஜோடி சேந்ததுக்கு ஒரு வயசு, அப்புறம் நீங்க யூடியூப்ல கேக்கறீங்களே அந்த வடிவத்துக்கு தனியா ஒரு வயசு. நாலையும் பாக்கணும்.

அமேசிங் கிரேஸ எடுத்துக்கோங்க. பேட்டை சண்டையில செத்த கர்னல் மூர்ஹவுஸ் அடக்கத்துக்கு அது வேணும்னு டைரக்டர் சார் ரொம்ப ஆசப்பட்டாரு. வார்த்தை ஜான் நியூட்டன் எழுதினது, 1779லயே அச்சாச்சு, அப்ப 1791க்கு சரி தானேன்னு தோணும். ஆனா இப்ப உலகம் பூரா பாடற அந்த மெட்டு அந்த வார்த்தையோட சேந்தது அமெரிக்காவுல, 1835ல. கார்ன்வாலிஸ் செத்தே அப்போ முப்பது வருஷம் ஆச்சு. "சார், வார்த்தை ஓகே, மெட்டு தான் ஆகாது"ன்னு சொன்னேன். "ஜனங்களுக்கு தெரிஞ்ச பாட்டா இருந்தா கண்ணுல தண்ணி வரும்டா தம்பி"ன்னாரு. "சார், தெரிஞ்ச பாட்டு வந்தா ஜனங்க சினிமாவ நெனைச்சுக்குவாங்க, மூர்ஹவுஸ நெனைக்க மாட்டாங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, வேற என்ன இருக்கு, பாடிக் காட்டு"ன்னு கேட்டாரு. கடைசியில 1696ல வந்த டேட், பிரேடி சங்கீதப் புத்தகத்துல (பைபிள்ல வர்ற சங்கீதங்கள பாட்டா எழுதினது) இருந்து ஒரு சங்கீதம், 1708ல அதே புத்தகத்தோட இணைப்புல வந்த செயின்ட் ஆன் மெட்டு, ரெண்டும் ஒரே குடும்பம், சந்தம் உக்காருது. மெதுவா, வாத்தியமே இல்லாம, ஒருத்தர் ஒரு வரி சொல்ல மத்தவங்க திருப்பிப் பாடற மாதிரி பண்ணோம், அப்ப கோயில்லயும் அப்படித்தான் பாடுவாங்க. ரிகர்சல்ல சார் தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு.

இதே மாதிரி ஸ்கார்பரோ ஃபேர். ரவுட் 12. அந்தக் கதை, அதாவது செய்ய முடியாத வேலையெல்லாம் செஞ்சு காட்டுன்னு ஒருத்தர ஒருத்தர் கேக்கறது, 17ம் நூற்றாண்டுத் தாள்லயே இருக்கு. ஆனா நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த அழகான மெட்டு 1947ல இவான் மக்கால் ஒரு ரிட்டயர்டு சுரங்கத் தொழிலாளி கிட்ட இருந்து எழுதி எடுத்தது, சைமன், கார்ஃபங்கல் 1966ல ரெக்கார்ட் பண்ணதுக்கு அப்புறம் தான் உலக ஹிட்டு. கதை பழசு, நம்ம காதுல இருக்கறது புதுசு. அதனால வேண்டாம்னு வெச்சுட்டோம், எங்க கிடார் பையனுக்கு மனசே இல்ல.

ஓவர் தி ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே நேரெதிர். 1706லயே ராணுவத்துக்கு ஆள் சேக்கறதப் பத்தின ஒரு நாடகத்துல வந்துருச்சு, 1728ல வந்த பெக்கர்ஸ் ஆபராங்கற பாட்டு நாடகத்துலயும் அந்த மெட்டு இருக்கு. மெட்டு 1791க்கு கேள்வியே இல்லாம பொருந்தும். ஆனா யூடியூப்ல மொதல்ல வர்றது 1990கள்ல ஒரு இங்கிலீஷ் டிவி சீரியலுக்காக ஜான் டாம்ஸ் புதுசா எழுதின வார்த்தை, அத அப்படியே இறக்கினா போச்சு. பழைய வார்த்தையில ராணி ஆன் ஆணையிடறா, 1791ல சிம்மாசனத்துல இருந்தது மூணாம் ஜார்ஜ், அதனால அந்த ஒரு வரிய மட்டும் ராஜா ஜார்ஜ்னு மாத்தினோம், பாடறவனும் அப்ப அப்படித்தான் மாத்திப் பாடியிருப்பான்.

வான் வில்லியம்ஸ் லைப்ரரி மட்டும் வெச்சு வேலை முடியாது, கூடவே ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் லைப்ரரியோட பிராட்சைட் பேலட்ஸ் ஆன்லைன் தெறந்து வெச்சுக்கோங்க, 30,000 கிட்ட பாட்டுத் தாளு, அதுலயும் ரவுட் நம்பர் போட்டிருக்கு, இங்க நம்பர் எடுத்து அங்க போட்டா தாளோட படமே வந்துரும். பிராட்சைட்னா என்னன்னு தமிழ் ஆளுங்களுக்கு ஒரே வரியில சொல்லிடலாம், நம்ம குஜிலிக்கடை பாட்டுப் புத்தகம் மாதிரி, தெருவுல பாடிக்கிட்டே சில்லறைக்கு விக்கறது, கொலைக்கேசு, காதல், சண்டை, வெள்ளம் எல்லாத்துக்கும் உடனே ஒரு பாட்டு. அந்தத் தாள்ல பெரும்பாலும் சுரக்குறி இருக்காது, "இந்தப் பாட்டு மெட்டுல பாடவும்"னு ஒரு வரி தான் இருக்கும், நம்ம பழைய நோட்டீஸ்ல "வர்ண மெட்டு"ன்னு போடுவாங்களே அதே தான்.

தாளப் பாத்து வருஷம் கண்டுபிடிக்கறது தான் எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச வேலை. கீழ ஓரத்துல அச்சுக்கூடத்து பேரு இருக்கும், அதப் பெருசு பண்ணிப் பாருங்க. கேட்நாக், செவன் டயல்ஸ்னு இருந்தா அவர் கடை போட்டதே 1813ல, அப்ப அந்தத் தாள் நமக்கு ஆகாது. பிட்ஸ்னு இருந்தா 1802க்கு மேல. டைசி, பௌ சர்ச்யார்ட் இல்ல ஆல்டர்மேரி சர்ச்யார்ட்னு இருந்தா துள்ளிக் குதிக்கலாம், அது 18ம் நூற்றாண்டு சரக்கு. பேரே இல்லன்னா எழுத்தப் பாருங்க, வார்த்தை ஆரம்பத்துலயும் நடுவுலயும் வர்ற "எஸ்" நீளமா "எஃப்" மாதிரி இருக்கும், சோல்ஜர்ங்கறதே ஃபோல்ஜர்னு படிக்கற மாதிரி, அந்த நீள எஸ் 1800 வாக்குல அச்சுல இருந்து மறைஞ்சு போச்சு. இத மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்லக்கூடாது, ஆனா நல்ல துப்பு. தடிமனான கோதிக் எழுத்துல இருந்தா இன்னும் பழசு, 17ம் நூற்றாண்டு. அந்தக் காலத்துக்கு கலிஃபோர்னியா சான்டா பார்பரா யூனிவர்சிட்டி நடத்தற இங்கிலீஷ் பிராட்சைட் பேலட் ஆர்க்கைவ் இருக்கு, பெப்பிஸ் சேத்து வெச்ச 1,800க்கு மேல தாளும் அதுல இருக்கு, நெறைய பாட்டுக்கு பாடிக் காட்டின ஆடியோவும் உண்டு. எங்க 1791க்கு அது ரொம்ப முந்தி, ஆனா கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ்ல மொதல்ல வந்து எறங்கின காலத்த யாராவது நாடகமா போடறீங்கன்னா உங்களுக்கு அது தான் தங்கச் சுரங்கம்.

இப்ப அந்த அரை மார்க். ரவுட் இன்டெக்ஸ்ங்கறது பேருக்கு ஏத்த மாதிரி இன்டெக்ஸ் தான், பாட்டு எங்க இருக்குன்னு சொல்லும், பல எடத்துல பாட்டு வரியே இருக்காது, இன்ன புத்தகம் இன்ன பக்கம்னு காட்டிட்டு நிக்கும். லண்டன்ல இருக்கறவன் எந்திரிச்சு அலமாரியில எடுத்துக்குவான், பெங்களூர்ல இருக்கறவன் அந்தப் புத்தகத்த வேற எங்கயாவது ஸ்கேனா தேடணும். சைல்ட்ங்கறவர் தொகுத்த 305 பேலட் (கதைப்பாட்டு) மாதிரி 19ம் நூற்றாண்டுப் புத்தகம்னா காப்பிரைட் முடிஞ்சது, இலவசமா கெடைக்கும். 1966ல வந்த சிம்ப்சனோட மெட்டுப் புத்தகம் மாதிரி முக்கியமானது அப்படி சுலபமா கெடைக்காது. இன்னொண்ணு, இந்த இன்டெக்ஸ் நாட்டுப்பாட்டுக்குத் தான், ஆனா 1791 சிப்பாய் வாயில இருந்தது நாட்டுப்பாட்டு மட்டும் இல்ல. லண்டன் நாடகத்துல வந்த ஹிட்டும் இருக்கும். ஹார்ட் ஆஃப் ஓக் 1759 வெற்றிகளுக்காக மேடைக்கு எழுதினது, கேரிக் வார்த்தை, பாய்ஸ் இசை. டிப்டினோட டாம் பௌலிங் 1789, அதாவது நம்ம முற்றுகை நேரத்துல சுடச்சுட புதுப் பாட்டு. கப்பல்ல அப்பத்தான் வந்து எறங்கின ஒரு இளம் ஆபீசர் அதப் பாடறான், மத்தவங்க "இது என்ன புதுசா இருக்கு"ன்னு கேக்கறாங்கன்னு எங்க ஸ்கிரிப்ட்ல ஒரு எடம் வெச்சோம். பழைய காலத்துலயும் புதுப் பாட்டு உண்டுங்கறத யாரும் நாடகத்துல காட்டறதே இல்ல.

அதோட கார்ன்வாலிஸ் படை முழுக்க இங்கிலீஷ்காரனும் இல்ல, 71, 72ன்னு ஸ்காட்லாந்து ஹைலேண்டர் ரெஜிமென்ட்டே இருந்துச்சு. அவங்களுக்கு ஸ்காட்ஸ் மியூசிகல் மியூசியம்ங்கற தொகுப்பு பாருங்க, 1787ல மொதல் பாகம் வந்தது, ஸ்காட்லாந்து கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் வேலை பாத்தது. ஆனா அதுலயும் பாகம் பாகமா வருஷம் வேற, 1803 வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஆல்ட் லாங் சைன் அதுல வந்தது 1796, அதுவும் இன்னைக்கு நியூ இயருக்கு பாடற மெட்டுல இல்ல.

ஃபைஃப், அதாவது ராணுவ அணிவகுப்புக்கு ஊதற சின்னப் புல்லாங்குழல், அத வாசிக்க எங்களுக்கு ஒரு ஆள் இருக்காரு, கர்நாடக சங்கீதத்துல புல்லாங்குழல் படிச்சவரு. பிரிட்டிஷ் கிரெனடியர்ஸும், குத்தம் பண்ண சிப்பாய தாரை தப்பட்டையோட வெளிய தொரத்தறப்போ வாசிக்கற ரோக்ஸ் மார்ச்சும் அவருக்கு குடுத்தோம். இந்த மெட்டெல்லாம் ஏபிசி நொட்டேஷன்னு எழுத்துலயே எழுதி நெட்ல கெடைக்கும், ஸ்வரம் எழுதிப் பழகினவங்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன விட அது சீக்கிரம் புரியும், அவர் ஒரே சாயங்காலத்துல புடிச்சுட்டாரு. ஒரே ஒரு விஷயம் தான் திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியிருந்துச்சு, "அண்ணா, கமகம் வேணாம்ணா, நேரா வாசிங்க, இது அணிவகுப்பு."

நாடகத்துல இன்னும் ஒரு எடம் காலியா இருக்கு. பயோனியர்ஸ் பள்ளம் தோண்டற சீன். நம்ம தமிழ் ஆளுங்க, ராத்திரியில, கோட்டைச் சுவத்துக்கு எதிர்ல. அவங்க என்ன பாடினாங்கன்னு தேட ரவுட் நம்பர் இல்ல. தேசிங்கு ராஜன் கதை, கான்சாகிபு சண்டை மாதிரி கதைப்பாடல் இருக்கு, அதுங்க பேசற சம்பவம் எல்லாம் 1791க்கு முந்தி நடந்தது தான், ஆனா நம்ம கைக்கு வந்த வடிவம் அதே காலத்துதுன்னு ஆதாரம் வேணும்ல, வெள்ளக்காரன் பாட்டுக்கு ஒரு சட்டம் நம்ம பாட்டுக்கு ஒரு சட்டம்னு வெக்க முடியாது. அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையா சேப்பர்ஸ்ல இருந்த குடும்பம் யாராவது இருந்தா, வீட்டுல பெரியவங்க மண்ணு வெட்டறப்போ, பாரம் தூக்கறப்போ பாடின பாட்டு ஞாபகம் இருந்தா, யார் கிட்ட இருந்து கத்துக்கிட்டாங்கங்கறதையும் சேத்து எழுதி அனுப்புங்க, ரெண்டு வரின்னாலும் பரவால்ல.